சொன்னது சொன்னபடி

அந்தத் தெருவில் அவருக்கு ஆபரேட்டர் அம்மா என்றுதான் பெயர். தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பிரிவை மூடும்வரை அங்கேயே இருந்து, பிறகு கொஞ்ச காலம் பில் பிரிவில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். தூரம் கூடக் கூடக் கம்பியில் குரல் தேய்ந்துபோகும் காலம் அது. ஒரு முனையில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மறுமுனைக்கு எட்டாது. நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்படிப்பட்ட நேரங்களில் இங்கே கேட்டதை அங்கே சொல்லி, அங்கே கேட்டதை இங்கே சொல்லிப் பேச்சை நடத்திக் கொடுப்பதும் ஆபரேட்டரின் வேலைதான்.

அதற்கு நிலையத்தில் இருந்தது ஒரே விதி. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சூடான பேச்சை ஆற்றிக் கொடுக்கக் கூடாது. "நீ கம்பிம்மா. கம்பிக்கு அபிப்பிராயம் கிடையாது" என்பார் மேற்பார்வையாளர். கூட வேலை பார்த்த ஒருத்தி இந்த விதியை ஒரு தடவை மீறினாள். "வெங்காயத்தை அனுப்பாதே, அனுப்பினா உன் தலையிலேயே கொட்டுவேன்" என்று ஒரு வியாபாரி கத்தியதை, "இப்போதைக்கு அனுப்ப வேண்டாமாம்" என்று நாகரிகமாக மாற்றிச் சொல்லிவிட்டாள். இப்போதைக்குத்தானே என்று மறுமுனைக்காரர் அடுத்த வாரம் ஒரு லாரி நிறைய அனுப்பிவிட்டார். வெங்காயம் வெட்டவெளியில் கிடந்து அழுகியது, புகார் நிலையத்துக்கு வந்தது, அவளைப் பிடித்து வேறு பிரிவில் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு நம் ஆபரேட்டர் அம்மா, பேசுகிறவர் நடுவில் இருமினால் அந்த இருமலைக்கூட விடாமல் சேர்ப்பித்தார்.

வேலையில் படிந்த பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. நாத்தனார் சொன்னது ஓரகத்திக்கும், ஓரகத்தி சொன்னது சம்பந்திக்கும் அட்சரம் பிசகாமல் போய்ச் சேரும். கோள் சொல்கிறார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் கோளுக்கு வேண்டிய உப்பும் காரமும் அதில் இருக்காது. "அவங்ககிட்ட சொல்லி அனுப்பினா பெருமூச்சுகூடப் போய்ச் சேர்ந்துடும், பார்த்துப் பேசுங்க" என்று உறவினர்கள் தங்களுக்குள் எச்சரித்துக்கொள்வார்கள்.

அவருடைய கணவர் ஒரு நூற்பாலையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஊருக்கு அவர் ஸ்டோர் கீப்பர். ஆயிரம் வகை போல்ட்டும் பேரிங்கும் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஸ்பேனர் பிடித்து எதையும் முடுக்கியதில்லை. எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆலையை மூடியபோது அலமாரிகளைக் கடைசியாகப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தவரும் அவர்தான். வீட்டுக்கு வந்து கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்வார், மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்வார். உயிரில்லாத லைன் எப்படி இருக்கும் என்று ஆபரேட்டர் அம்மாவுக்குத் தெரியும். காதில் வைத்தால் இரைச்சல்கூட இருக்காது. வீட்டுக்குள் அப்படி ஒன்று உட்கார்ந்திருப்பதை இரண்டு மழைக்காலம் பார்த்தார்.

அவரை எழுப்பியது ஒரு டிராக்டர்.

அது ஆபரேட்டர் அம்மாவின் அப்பாவுடையது. பெட்ரோலில் ஓடும் பழைய வகை. டீசல் வண்டியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, ஏனென்றால் டீசல் இன்ஜினில் பிளக் வைத்துப் பொறி தட்டி எரிக்கும் வேலை கிடையாது. அப்பா போன பிறகு அது அண்ணன் வீட்டுக் கொல்லையில் தகரத்துக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து, டெப்போவின் பழைய பெட்ரோல் ஜீப்புகளையும் பார்த்து, தலைமை மெக்கானிக்காக ஓய்வு பெற்றவர். டெப்போ அண்ணன் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். அப்பாவின் பொருள்களைப் பிரித்துக்கொள்ள எல்லோரும் கூடிய நாளில், "அந்த டிராக்டரை இரும்புக்குப் போட்டுடலாம்" என்று அவர் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பர், யாரும் எதிர்பாராமல், "எனக்குக் குடுத்துடுங்க மச்சான்" என்றார்.

"உங்களுக்கா மாப்பிள்ளை? என்ன பண்ணப் போறீங்க, பூந்தொட்டி வைக்கவா?" என்று டெப்போ அண்ணன் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து ஸ்டோர் கீப்பர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மச்சான் என்ற சொல் போய் 'உங்க அண்ணன்' வந்தது. அந்தப் பக்கமும் மாப்பிள்ளை என்ற சொல் போய் 'உன் வீட்டுக்காரர்' வந்தது. டிராக்டர் மட்டும் ஒரு லாரியில் ஏறி வந்து வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் இறங்கியது.

அதன் பிறகு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஸ்டோர் கீப்பர் காலையில் ஷெட்டுக்குள் போனால் சாப்பிடத்தான் வெளியே வருவார். கழற்றிய ஒவ்வொரு நட்டும் மண்ணெண்ணெயில் குளித்து, துடைத்து, தகர டப்பாவில் போய் உட்கார்ந்தது. டப்பாவின் மேல் சீட்டு. கழற்றும் முன்பே ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. புத்தகம் வாங்கிப் படித்தார், பழைய உதிரிபாகக் கடைகளுக்கு அலைந்தார், சாப்பிடும்போது ரேடியேட்டரைப் பற்றிப் பேசினார். "நம்ம வீட்டுல இப்ப ரெண்டு பேர் பேசுறோம்" என்று ஆபரேட்டர் அம்மா மகளிடம் சொன்னபோது அதில் இருந்த நிம்மதி மகளுக்கும் புரிந்தது.

அந்த மகளால்தான் நெருக்கடியும் வந்தது. மகள் தையல் தொழில் செய்கிறவள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கப் பெரிய ஆர்டர் கிடைத்திருந்த நேரத்தில், வாடகை இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஷெட்டைக் கேட்டாள். கேட்கவே தயங்கினாள், அப்பா தயங்கவில்லை.

"உனக்குத்தான் முதல்ல. மெஷின் எப்ப வருது?"

"வெள்ளிக்கிழமைப்பா."

"வெள்ளிக்கிழமை ஷெட் காலியா இருக்கும். வண்டி தானா ஸ்டார்ட் ஆகி வெளியே போகும். போகலைன்னா இரும்புக்காரர் வந்து வெட்டி எடுத்துக்கட்டும்."

வெளியே தள்ளி நிறுத்தலாமே என்றால், வீட்டைச் சுற்றி ஒரு சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. தெருக்கோடியில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர் மட்டும் இடம் தர ஒப்புக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. "ஓடுற வண்டின்னா கொண்டாந்து நிறுத்துங்க சார், எனக்கும் தண்ணி டேங்க் இழுக்க ஆகும். ஓடாத இரும்புக்கு என் செடிக்கு நடுவுல இடமில்ல." ஸ்டோர் கீப்பர் சொன்ன சொல் தவறாத மனிதர். வெட்டச் சொல்லிவிட்டால் வெட்டவே விடுவார். வெட்டிய பிறகு நேரே கூடத்து நாற்காலிக்குத்தான் போவார் என்பதும் ஆபரேட்டர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அவர் பயந்தார். டிராக்டர் போவதை அல்ல.

வண்டி முழுவதையும் பூட்டியாகிவிட்டது, பேட்டரி புதிது, பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் கரகரவென்று சுற்றுகிறதே தவிரப் பற்றவில்லை. புத்தகத்தில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துக் களைத்துப்போன ஒரு காலையில் ஆபரேட்டர் அம்மா தானாகவே போனை எடுத்தார்.

"அண்ணனைக் கேட்கட்டுமா?"

ஸ்டோர் கீப்பர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ கேட்டா கேளு. நான் பேச மாட்டேன்" என்றார்.

டெப்போ அண்ணன் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கையில் இருந்தது பட்டன் போன். படம் காட்டிப் பேசும் போன் வாங்கித் தருகிறேன் என்று அவர் மகன் சொன்னதற்கு, "இன்ஜினைக் காதால பார்க்கிறவன்டா நான்" என்று மறுத்துவிட்டவர்.

"சரி பாப்பா," என்றார் அவர். அறுபதைத் தாண்டிய தங்கை இன்னும் அவருக்குப் பாப்பாதான். "பிளக் ஒண்ணைக் கழட்டி, வயரோட சேர்த்து இன்ஜின் மேல வெச்சு, செல்ஃப் அடிச்சுப் பார்க்கச் சொல்லு. பொறி நீலமா வருதா, சிவப்பா வருதா, வரவே இல்லையான்னு கேளு."

ஆபரேட்டர் அம்மா ஷெட் வாசலில் நின்றுகொண்டு அதை அப்படியே சொன்னார். 'கேளு' என்பதையும் சேர்த்து.

"ஒண்ணும் வரல" என்றார் கணவர்.

"ஒண்ணும் வரலைங்கிறார்."

"அப்ப பாயிண்டைப் பார்க்கச் சொல்லு. பாயிண்டுன்னா பல்பு மாட்டுற பாயிண்ட் இல்லைன்னும் சொல்லிடு."

இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஸ்டோர் கீப்பரின் காது சிவந்தது. "மில்லு வண்டிங்களுக்குப் பாயிண்ட் செட்டை டஜன் டஜனா எடுத்துக் குடுத்தவன் நானுன்னு சொல்லு உங்க அண்ணன்கிட்ட."

"மில்லு வண்டிங்களுக்குப் பாயிண்ட் செட்டை டஜன் டஜனா எடுத்துக் குடுத்தவர் அவராம்."

"எடுத்துக் குடுத்தாரு சரி, மாட்டினாரான்னு கேளு."

"மாட்டினீங்களான்னு கேட்கிறார்."

இப்படியே நடந்தது. ஆனால் வேலையும் நடந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உருண்டைப் பெட்டியின் மூடியைக் கழற்றினால், உள்ளே இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டுப் பிரியும். அவைதான் பாயிண்ட். அவை பிரியும் கணத்தில்தான் பொறி பிறக்கும். கொல்லையில் கிடந்த காலத்தில் அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைத் தகடு விட்டு அளந்து வைத்தார் ஸ்டோர் கீப்பர். அளப்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. இப்போது பொறி வந்தது, ஆனால் சோகை பிடித்த சிவப்பில்.

"கண்டென்சர் போயிடுச்சு" என்றார் டெப்போ அண்ணன். "தையல்காரங்க விரல்ல மாட்டுற குப்பி மாதிரி இருக்கும், அதை மாத்தச் சொல்லு."

பழைய உதிரிபாகக் கடையில் அதைத் தேடிப் பிடித்து வந்து மாட்டியதும், பிளக்கின் முனையில் டிக் டிக் என்று பொறி குதித்தது. ஸ்டோர் கீப்பர் குழந்தையைப் போல், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்.

"என்ன கலர்னு கேளு" என்றது போன்.

"என்ன கலர்னு கேட்கிறார்."

"ஏன், உங்க அண்ணன் சேலை எடுக்கப் போறாராமா, கலர் கேட்கிறாரு? நீலம்னு சொல்லு. நல்ல நீலம்."

சேலையும் நீலமும் சேர்ந்தே போயின. மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. அதையும் ஆபரேட்டர் அம்மா, "சிரிக்கிறார்" என்று தெரிவித்தார்.

அடுத்த நாள் இன்ஜின் உயிர் பெற்றது. உயிர் என்றால் பாதி உயிர். இருமியது, நடுங்கியது, புகைக்குழாயில் பட்டாசு மாதிரி வெடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் புகைக்குழாயின் அடிப்பகுதி கொதித்துச் சிவக்கத் தொடங்கியது, இன்ஜின் அணைந்தது. போனை இன்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்திருந்த ஆபரேட்டர் அம்மா அதைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"டைமிங் சரியில்ல பாப்பா. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி மாட்டினப்ப கொஞ்சம் மாறியிருக்கு. அடியில இருக்கிற கிளாம்பைத் தளர்த்திட்டு, அதைக் கொஞ்சம் முன்னாடி வைக்கச் சொல்லு."

"கிளாம்பைத் தளர்த்திட்டு அதைக் கொஞ்சம் முன்னாடி வைக்கணுமாம்."

ஸ்டோர் கீப்பர் கிளாம்பைத் தளர்த்தினார். பெட்டி இப்போது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். பிறகு பெட்டியைக் கொஞ்சம் திருப்பி முடுக்கினார். சாவியைப் போட்டால், முன்பு பாதி உயிராக இருந்தது இப்போது கால் உயிர் ஆகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றார் டெப்போ அண்ணன்.

இன்னும் கொஞ்சம் முன்னாடி வைத்தார். இப்போது இன்ஜின் பற்றவே இல்லை. புகைக்குழாயில் வெடிச் சத்தம் மட்டும் வந்தது.

"முன்னாடி வெச்சா இப்படி ஆகாதே" என்று டெப்போ அண்ணன் குழம்பினார். டெப்போவில் காதாலேயே ஆயிரம் இன்ஜின் பார்த்தவருக்குக் குழப்பம் என்பது பழக்கமில்லாத விஷயம். பிளக் வயர்களின் வரிசையைச் சரிபார்க்கச் சொன்னார்; வரிசை சரியாகவே இருந்தது. பொறிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றச் சொன்னார். மாற்றியும் ஒன்றும் மாறவில்லை. பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஸ்டோர் கீப்பர் செய்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரு பேச்சு நடந்தது.

"பாப்பா, உன் வீட்டுக்காரர் திருப்பவே இல்ல. திருப்பினேன்னு பொய் சொல்றாரு."

"நீங்க திருப்பவே இல்லையாம். பொய் சொல்றீங்களாம்."

ஸ்டோர் கீப்பர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் மெதுவாக வைத்தார். அவர் எதையும் வீசி எறிகிறவர் அல்ல. "வேணும்னே தப்பு தப்பாச் சொல்லித் தர்றாருன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவரு ஆசைப்பட்டபடியே இரும்புக்குப் போயிடும்னும் சொல்லு."

அதுவும் சொன்னபடி போனது. மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அன்று மாலையே பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டை விரலால் தட்டினார், டயரை உதைத்தார். "பெயிண்ட் எல்லாம் அடிச்சு மாப்பிள்ளை மாதிரி வெச்சிருக்கீங்களே சார், வெட்ட மனசு வரல" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் கேஸ் சிலிண்டரோடு வருவதாக ஒப்புக்கொண்டார். ஸ்டோர் கீப்பர் கை கழுவினார். சோப்புப் போட்டு, நகக்கண்ணில் இருந்த கருப்பையெல்லாம் சுரண்டிக் கழுவினார். கூடத்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொண்டுவந்து வைத்தபோது, "வெச்சிரு" என்றார். அதன் பிறகு பேச்சு இல்லை.

புதன்கிழமை சமையலறையில் இருந்தபோது மகள் போன் செய்தாள்.

"அம்மா, மெஷின்காரங்க முன்னாடி வர்றாங்களாம்."

"முன்னாடி எப்படி வருவாங்க? கேட் பக்கம் பக்கத்து வீட்டு மணல் கொட்டிக் கிடக்கே. சந்து வழியா பின்பக்கம் வரச் சொல்லு."

"ஐயோ அம்மா! முன்னாடின்னா வாசல் பக்கம் இல்ல. சொன்ன நாளைக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை வர வேண்டியவங்க நாளைக்கே வர்றாங்களாம். ஷெட் காலியாகுமா, இல்ல ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லட்டுமா?"

ஆபரேட்டர் அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இரு. அப்புறம் கூப்பிடுறேன்."

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். நாற்காலிக்கு எதிரே நின்று கேட்டார்.

"என்னங்க, அண்ணன் முன்னாடி வைக்கச் சொன்னப்ப நீங்க எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"முன்னாடிதான்."

"முன்னாடின்னா?"

ஸ்டோர் கீப்பர் எரிச்சலோடு நிமிர்ந்தார். "முன்னாடின்னா முன்னாடி. ரேடியேட்டர் பக்கம். பெட்டியோட வெளி ஓரத்தைப் பிடிச்சு வண்டியோட மூஞ்சிப் பக்கமாத் திருப்பினேன். இதுல என்ன கேள்வி?"

ஆபரேட்டர் அம்மா அண்ணனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவைதான் எடுத்தார்.

"என்னவாம் இப்ப?" குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"அண்ணே, முன்னாடி வைக்கணும்னு சொன்னியே, அப்படின்னா என்ன?"

"என்ன கேள்வி பாப்பா இது? முன்னாடின்னா முன்னாடிதான்."

"எதுக்கு முன்னாடி?"

"பொறி இப்ப லேட்டா விழுது. அது கொஞ்சம் முன்னாடியே விழணும். சீக்கிரமா. டெப்போவுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம், முன்னாடி வை, பின்னாடி வைன்னு."

"இவர் ரேடியேட்டர் பக்கமாத் திருப்பியிருக்கார்."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. "ரேடியேட்டர் பக்கமா? அடக் கடவுளே! அந்த இன்ஜின்ல அப்படித் திருப்பினா பொறி இன்னும் லேட்டாத்தானே விழும்! நான் ஒவ்வொரு தடவையும் முன்னாடின்னு சொல்லச் சொல்ல, அந்த மனுஷன் பின்னாடி பின்னாடின்னு கொண்டுபோயிருக்காரு! தமிழ் தெரியாத ஆளுக்கா உன்னைக் கட்டிக் குடுத்தோம்? சொல்லு அவர்கிட்ட, நான் சொன்னேன்னே சொல்லு!"

ஸ்டோர் கீப்பர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். "என்ன சொல்றாரு?"

ஆபரேட்டர் அம்மா வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த இடத்தில் சொற்கள் தாமாகவே வந்துவிடும். இந்த முறை ஒரு நொடி நின்று, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

"சீட் பக்கமாத் திருப்பச் சொல்றார். முன்னாடின்னா வண்டிக்கு முன்னாடி இல்லையாம், நேரத்துக்கு முன்னாடியாம். பொறி சீக்கிரம் விழணுமாம்."

ஸ்டோர் கீப்பர் கண்ணை இரண்டு முறை கொட்டினார். "அப்ப இத்தனை நாளா நான்…"

"ஆமா."

"இதை முதல்லயே ஒழுங்காச் சொல்லித் தொலைச்சா என்னவாம் உங்க அண்ணனுக்கு? மெக்கானிக்காம் மெக்கானிக்! கேளு அதை!"

"திருப்புறேங்கிறார் அண்ணே" என்றார் ஆபரேட்டர் அம்மா போனில். "எவ்வளவு திருப்பணும்?"

நிலையத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு அவரை வேறு பிரிவில் போட்டிருப்பார்கள்.

ஷெட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது. முதலில் போட்ட வெள்ளைக் கோட்டை ஸ்டோர் கீப்பர் துணியால் துடைத்துக் கண்டுபிடித்தார். அந்தக் கோட்டைத் தாண்டி, சீட் பக்கமாக ஒரு விரல் அகலம் என்று டெப்போ அண்ணன் சொன்னார். அந்த விரல் டெப்போ அண்ணனின் விரலா தன் விரலா என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், டெப்போ அண்ணனின் விரல் வாழைப்பழ கனம் இருக்கும். "உங்க விரலே போதுமாம்" என்று பதில் வந்தது. கிளாம்பை முடுக்கினார். சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றிப் பற்றிக்கொண்டது. இருமல் இல்லை, வெடி இல்லை. தகரக் கூரை அதிர, அலமாரியில் டப்பாக்கள் ஒன்றோடொன்று பேச, சீராக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார், ஒன்றும் கேட்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபரேட்டர் அம்மா போனைப் புகைக்குழாய் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். கை சுட்டதும் காதுக்குக் கொண்டுவந்தார்.

"பாப்பா, நாலு சிலிண்டரும் வேலை செய்யுது. ஒண்ணுகூடச் சோம்பேறி இல்ல." டெப்போ அண்ணன் இன்னும் கூர்ந்து கேட்டார். "பாயிண்ட் இடைவெளி யாரு வெச்சது?"

"இவர்தான்."

"புத்தம்புதுசுல கம்பெனிக்காரன் வெச்ச மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும் பேசியது. "மாப்பிள்ளைகிட்ட குடு."

ஆபரேட்டர் அம்மா போனை நீட்டினார். ஸ்டோர் கீப்பர் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"சொல்லுங்க மச்சான்" என்று கத்தினார். இன்ஜின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். மறுமுனையில் டெப்போ அண்ணன் கத்துவதும் வெளியே நின்றவர்களுக்கே கேட்டது. தமிழ் தெரியாத ஆள் என்ற பேச்சும் வந்தது, மெக்கானிக்காம் மெக்கானிக் என்ற பேச்சும் போனது. தான் வழியில் பிடித்து வைத்த இரண்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டதை ஆபரேட்டர் அம்மா கவனித்தார். ஆனால் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டு கத்தினார்கள்.

ஆபரேட்டர் அம்மா உள்ளே போய், கணவருடைய போனில் மகளைக் கூப்பிட்டு, நாளைக்கே மெஷின் வரலாம் என்று சொன்னார். அடுத்து இரும்புக்காரரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார். "இப்போதைக்கு வேண்டாமா, இல்ல எப்பவுமே வேண்டாமாம்மா?" என்று அவர் கேட்டார். "எப்பவுமே" என்றார் ஆபரேட்டர் அம்மா அழுத்தமாக.

ஸ்டோர் கீப்பருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது என்பது எல்லோருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டெப்போ அண்ணன் போனிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்சை மிதித்து, கியர் போட்டு, காலை மெல்ல எடுத்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்று, மறுபடியும் ஸ்டார்ட் செய்து, கடைசியில் ஆள் நடக்கும் வேகத்தில் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. மணல் கிடந்த கேட் பக்கத்தை விட்டு, சந்து வழியாகத் தெருவில் இறங்கியது. ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் போன், தோளைத் தூக்கிக்கொண்டு, "சரி மச்சான், சரி மச்சான்" என்று கத்திக்கொண்டே ஸ்டோர் கீப்பர் நாற்றுப்பண்ணைப் பக்கம் போனார்.

ஆபரேட்டர் அம்மா காலியான ஷெட்டைப் பெருக்கி, எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூள் தூவினார். மகள் வந்து நாடாவைப் பிடித்து, எந்த மெஷின் எங்கே என்று சுவரில் குறித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஸ்டோர் கீப்பர் நடந்து திரும்பி வந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. நேராகத் தகர டப்பாக்களிடம் போய் எதையோ தேடினார்.

"என்னங்க ஆச்சு?"

"பிரேக் பிடிக்கல. பண்ணை வேலியில ஒரு கம்பம் சாஞ்சுடுச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. காலையில போய் நட்டுக் குடுக்கணும்." ஒரு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "பிரேக்கை முதல்ல பார்த்துட்டு வண்டியை எடுத்திருக்கணும்னு மச்சான் இப்பச் சொல்றாரு. முதல்ல சொல்ல வேண்டியதை எல்லாம் கடைசியிலதான் சொல்றாரு அந்த மனுஷன். சாப்பாடு போடு, பசிக்குது."